கண்டதும் கருதியதும்: கூடப் பிறந்த எஞ்சின்

சென்ற ஞாயிறன்று சங்கத்து அன்பர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். அவருடைய தந்தையார் 1962-இல் வாங்கிய அம்பாசிடர் மோட்டார் வண்டி ஓடாமல் நிற்கிறது. "எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, டீசல் எஞ்சின் பொருத்தலாம் என்கிறார் மிஸ்திரி, செய்யலாமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். காரணத்தை நேயர்களுக்கும் கூறுகிறேன்.

நம் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில், 2014 வரை இவ்வண்டி உற்பத்தியாயிற்று. 1962-இல் அதற்கு அமைந்தது 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின். பின்னாளில் டீசலின் மலிவைக் கருதிப் பலர் அதைக் களைந்தனர். வண்டிகள் மிஞ்சின, கூடப் பிறந்த எஞ்சின்கள் அருகிவிட்டன.

ரயில்வேயில் சீட்டிலுள்ள எண்ணும் வாகன் எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்போம். பழைய வண்டியை மதிப்பிடுவோரும் அவ்வாறே பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணை எஞ்சினில் தேடுகின்றனர். ஒத்திருந்தால் மதிப்பு உயரும். 2021-இல் வந்த மத்திய மோட்டார் விதிகளும், 50 ஆண்டு கடந்து, எஞ்சினும் கூடும் பெரிதும் மாறாத வண்டிக்கே புராதன வண்டி என்னும் தனிப் பதிவை அளிக்கின்றன. ஆனால் அப்பதிவு பெற்ற வண்டியில் அன்றாடம் ஆபீசுக்குப் போக இயலாது.

நிற்க. பழுதான எஞ்சின் செத்த எஞ்சின் அன்று. சிலிண்டர்களைக் கடைந்து, அளவுக்கேற்ற பிஸ்டன்களை இட்டால் அது மீண்டும் ஓடக்கூடும். எண் பொறித்த பிளாக் அதுவே. செலவு மிகுதிதான். எனினும், இரும்பு விலைக்குப் போனதை எவ்விலை கொடுத்தும் மீட்க முடியாதல்லவா?

அன்பர் பதிவுப் புத்தகத்தைத் தேட வீட்டுக்கு விரைந்தார்.