தேடு, கண்டுபிடி, காத்திரு

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் நினைவுக்கு வருகிறது: துப்பாக்கி, கார், கண் சிவந்த பையன், கதவைத் தட்டிக் களைத்த அம்மா. ஆனால் அந்த அம்மா சில சமயம் என்ன ஆடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. சமையல் முடிந்து, வீடு அடங்கிய பிறகு, செல்போன் திரையில் ஒரு பாழடைந்த மாளிகை திறக்கிறது. கீழே ஒரு பட்டியல்: சாவி, மெழுகுவர்த்தி, குடை, முயல், பழைய கடிகாரம். குவிந்து கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே இவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் ஒரு கதவு திறக்கும். அதற்குப் பின்னால் ஒரு கொலைக்கான தடயம் இருக்கலாம், அல்லது இன்னொரு பட்டியல்.

உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் ஆடும் ஆட்டம் இது. சுடுவதில்லை, ஓடுவதில்லை. பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஆட்டங்களை எடைபோடும் விமரிசகர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. 'பொழுதுபோக்கு ஆட்டம்' என்ற பெயரைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். ஆடுகிறவர்களில் பெண்களும் நடுவயதைத் தாண்டியவர்களும் அதிகம் என்பது இந்த அலட்சியத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

விஷயம் புதிதல்ல. 1946-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஹைலைட்ஸ்' சிறுவர் பத்திரிகை முதல் இதழிலிருந்தே மறைந்திருக்கும் படங்களை வெளியிட்டது. 1987-ல் மார்ட்டின் ஹாண்ட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய ஓவியர் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரன் வால்லியைக் கூட்டத்தில் ஒளித்துவைத்து உலகையே தேடவைத்தார். தமிழ் வாசகருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. வாரப் பத்திரிகைகளின் 'ஆறு வித்தியாசங்கள்' படத்தில் ஐந்தைக் கண்டுபிடித்துவிட்டு ஆறாவதற்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

இன்னும் பின்னால் போனால் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் 12-ம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில் ஒரு சிற்பம் இருக்கிறது. இரண்டு உடல், ஒரே தலை. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் காளை, மறுபக்கத்திலிருந்து பார்த்தால் யானை. அதே காலத்து தண்டியலங்காரம் சித்திரகவிக்கு இலக்கணம் சொல்கிறது: தேர், பாம்பு போன்ற படங்களின் கட்டங்களுக்குள் எழுத்துகளை அடைத்து, எங்கே தொடங்கி எப்படி வளைந்து படிப்பது என்று வாசகனைத் தேடவைக்கும் வித்தை. ஒளித்துவைப்பவனும் தேடுபவனும் தமிழில் பழைய கூட்டாளிகள்.

கம்ப்யூட்டரில் இந்த ஆட்டம் இரண்டு ஓடைகள் சேர்ந்து பிறந்தது. ஒன்று, படத்தில் தேடுவது. இன்னொன்று, சாகசக் கதை. 1976-ல் வில் க்ரௌதர் என்ற அமெரிக்க புரோகிராமர், விவாகரத்துக்குப் பின் தன் பெண் குழந்தைகளும் ஆட வேண்டும் என்று ஒரு குகைக் கதையை எழுத்துகளாலேயே கம்ப்யூட்டரில் அமைத்தார். அதை ஆடிப் பார்த்து மயங்கிய ரொபர்ட்டா வில்லியம்ஸ் என்ற கலிபோர்னியா இல்லத்தரசி, 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற ஆட்டத்தைத் திட்டமிட்டார். கணவர் புரோகிராம் எழுத, 1980-ல் அது வெளிவந்தது. கதையோடு படமும் வந்த முதல் சாகச ஆட்டம் அதுதான். 1993-ல் ராண்ட், ராபின் மில்லர் சகோதரர்கள் 'மிஸ்ட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். ஆளரவமற்ற தீவு, புதிர் புதிராகத் திறக்கும் இயந்திரங்கள். பல ஆண்டுகள் பி.சி. விற்பனையில் அதை மிஞ்ச ஆளில்லை.

2005-ல் சியாட்டில் நகரத்து பிக் ஃபிஷ் நிறுவனம் 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹண்ட்ஸ்வில்' ஆட்டத்தை இணையத்தில் விற்கத் தொடங்கியது. துப்பறியும் கதை, தேடவேண்டிய பட்டியல், நடுநடுவே புதிர். மாவு அரைத்தாகிவிட்டது. அடுத்த பத்தாண்டுகள் எல்லோரும் அதே மாவில்தான் இட்லி வார்த்தார்கள்.

இதில் ஆடுவது விரல் அல்ல, கண். ஆனி ட்ரைஸ்மன் என்ற உளவியல் அறிஞர் 1980-ல் தன் சகாவுடன் சேர்ந்து எழுதிய ஆய்வு இதை விளக்குகிறது. பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால் தேடவே வேண்டாம், அதுவாகத் துள்ளி வெளியே வரும். எத்தனை பச்சைப் புள்ளி சேர்த்தாலும் நேரம் கூடாது. ஆனால் சிவப்பு எக்ஸ்களும் பச்சை ஓக்களும் கலந்த கூட்டத்தில் ஒரு சிவப்பு ஓ-வைத் தேடு என்றால் கதை வேறு. நிறம், உருவம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கவனம் ஒவ்வொன்றாக நகர்ந்தாக வேண்டும். கூட்டம் கூடக் கூட நேரமும் கூடும்.

ஆட்டத்தை வரைகிற ஓவியருக்கு இந்தச் சூட்சுமம் அத்துப்படி. பென்சிலை ஜன்னல் சட்டத்தின் ஓரமாக நிற்கவைப்பார். மரநிறப் பல்லியை மேசைக்காலில் ஒட்டுவார். முயலை முயல் அளவில் வரையாமல் திரைச்சீலையின் பூ வேலைப்பாட்டில் ஒன்றாக்கிவிடுவார். பொருள் மறைந்திருக்கக் கூடாது, கண்ணெதிரே இருக்க வேண்டும். ஆனால் தெரியக் கூடாது. கண்டுபிடித்த பிறகு 'அட, இங்கேயா இருந்தது' என்று தோன்றினால் ஓவியர் ஜெயித்தார். 'இதை யாரால் கண்டுபிடிக்க முடியும்' என்று தோன்றினால் தோற்றார்.

இப்படித் தேடினால் ஞாபகசக்தி வளரும், மூளை தேயாது என்றெல்லாம் விளம்பரங்கள் வரும். நம்புவதற்கு முன் ஒரு செய்தி: 'மூளைப் பயிற்சி' ஆட்டங்களை விற்ற லுமாசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாமல் அப்படிச் சொன்ன குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. மனது லேசாகிறது என்று ஆடினால் அதுவே போதுமான காரணம். மருந்துச் சீட்டு தேவையில்லை.

இந்தத் தொழிலுக்கும் பெங்களூருக்கும் உறவு பழையது. 1997-ல் ராஜேஷ் ராவ் இங்கே தொடங்கிய துருவா இண்டராக்டிவ், இந்தியாவின் முதல் கம்ப்யூட்டர் ஆட்ட நிறுவனமாக அறியப்படுகிறது. பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்ட 'மிஷன் இம்பாசிபிள்' ஆட்டத்தின் பி.சி. வடிவத்தில் வேலைசெய்து அது பெயர் வாங்கியது. பிறகு வெளிநாட்டு ஆட்டங்களுக்கு ஓவியம் செய்துதருவதில் வளர்ந்தது. 2017-ல் சுவீடனின் ஸ்டார்ப்ரீஸ் அதை வாங்கியது. 2019-ல் அமெரிக்காவின் ராக்ஸ்டார் கைக்குப் போனது. 2010-ல் ஸிங்கா இங்கே அலுவலகம் திறந்தது. ஃபேஸ்புக்கில் 'ஃபார்ம்வில்' பயிரிடவைத்த அதே ஸிங்கா, 2012-ல் 'ஹிடன் க்ரானிக்கிள்ஸ்' என்ற தேடும் ஆட்டத்தையும் வெளியிட்டது.

ஆக, உலகம் பார்க்கும் ஆட்டங்களை வரையும் கைகள் இந்த ஊரில் உண்டு. ஆனால் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்திலோ பக்கத்து ஸ்ரீராமபுரத்திலோ, தமிழும் கன்னடமும் கலந்து பேசும் ஒரு வீட்டில் ஒருவர் அந்த ஆட்டத்தைத் திறந்தால், அவர் பார்ப்பது ஆங்கில மாளிகை, ஆங்கிலப் பட்டியல். பனிக்காலக் கையுறை, ஓக் மரத்துக் கொட்டை, குதிரை லாடம், தையல்காரர் விரலில் மாட்டும் உறை. பொருள் கண்ணெதிரே இருக்கும், பெயர் தெரியாது. சிலர் இதில் ஆங்கிலம் கற்கிறார்கள். சிலர் மூடிவிடுகிறார்கள்.

மொழிபெயர்த்தால் என்ன? அங்கேதான் சுவாரசியம். இந்த ஆட்டத்தின் விஷமமே சொல்லில் இருக்கிறது. 'பேட்' என்று ஆங்கிலப் பட்டியல் சொன்னால் கிரிக்கெட் மட்டையா, வௌவாலா? 'நெயில்' என்றால் ஆணியா, நகமா? 'க்ரேன்' என்றால் கொக்கா, பாரம் தூக்கும் இயந்திரமா? தெரியாமல் தவிப்பதுதான் ஆட்டம். தமிழில் 'வௌவால்' என்று எழுதிய மறுகணம் புதிர் செத்துப்போகிறது. அதிர்ஷ்டவசமாகச் சில தப்பிப் பிழைக்கும். 'ஹார்ன்' என்றால் மாட்டுக்கும் உண்டு, ஊதவும் செய்யலாம். தமிழில் 'கொம்பு'ம் அப்படியே.

ஆனால் கைவசம் இருப்பதை மறந்துவிட்டு நஷ்டத்துக்கு அழுவானேன்? 'படி' என்றால் ஏறுவதா, அளப்பதா? 'குழல்' என்றால் கண்ணன் கையில் இருப்பதா, பெண்ணின் தலையில் இருப்பதா? 'அன்னம்' குளத்தில் நீந்துகிறதா, இலையில் பரிமாறியிருக்கிறதா? 'முத்திரை' தபால் உறையிலா, நாட்டியக்காரியின் விரலிலா? சிலேடையில் கொடிகட்டிப் பறந்த காளமேகப் புலவரின் மொழிக்குப் பட்டியல் எழுத ஆள் தேட வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதாது, பட்டியலைப் புதிதாக யோசிப்பவர் வேண்டும்.

மாளிகைகளுக்கும் பஞ்சமில்லை. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு. உழக்கு, பாக்குவெட்டி, அஞ்சறைப் பெட்டி, குங்குமச் சிமிழ், அரிவாள்மணை. நவராத்திரிக்குப் பெங்களூர் வீடுகளில் படி படியாக அடுக்கும் கொலுவை யாராவது படமெடுத்துக் கீழே பட்டியல் போட்டால் அதுவே ஒரு ஆட்டம். கே.ஆர். மார்க்கெட்டின் காலை நேரத்தை வரைந்தால் வால்லியே வழி தெரியாமல் தவிப்பான்.

முடியாத காரியமல்ல. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா' அதைக் காட்டிவிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம்: வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதுதான் புதிர். அந்தக் குறிப்பில் அழிந்துபோனது உப்பின் அளவு மட்டுமல்ல, மகனுக்கும் தாய்க்கும் இடையிலான மொழியும்தான் என்பது ஆட ஆடப் புரிகிறது. 2024-ல் சுயேச்சை ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதல் பரிசும், அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. தமிழ்ச் சமையலறை உலகத்துக்குப் புரியாது என்று சொன்னவர்கள் இப்போது எங்கே என்று தெரியவில்லை.

இனி பணம். பழைய ஆட்டங்களை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் போதும், ராத்திரி முழுக்கத் தேடலாம். இப்போதையவை பெரும்பாலும் இலவசம். அதில்தான் சூது. ஒவ்வொரு காட்சியைத் திறக்கவும் 'சக்தி' செலவாகும். அது தீர்ந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அல்லது காசு கொடுக்க வேண்டும். அடுத்த அத்தியாயத்துக்கு இத்தனை நட்சத்திரம் வேண்டும் என்பார்கள். அதற்குப் பார்த்த காட்சியையே பலமுறை பார்க்க வேண்டும். கொலைகாரன் யார் என்ற ஆவல் ஒரு பக்கம், காலி சக்திக் குப்பி மறு பக்கம். பொருளை ஒளித்துவைத்த காலம் போய், கதையை ஒளித்துவைத்து விற்கிறார்கள்.

பிக் ஃபிஷ்ஷின் கதையே இதற்குச் சாட்சி. 2014-ல் அதை வாங்க முன்வந்தது சர்ச்சில் டவுன்ஸ், குதிரைப் பந்தய நிறுவனம். 2018-ல் அதை வாங்கியது ஆஸ்திரேலியாவின் அரிஸ்டோக்ராட், சூதாட்ட இயந்திரங்கள் செய்வது. அவர்களை இழுத்தது பிக் ஃபிஷ்ஷின் சூதாட்டப் பாணி ஆட்டங்கள்தான், மறைந்திருக்கும் முயல் அல்ல. ஆனாலும் மனிதர்களைத் திரைமுன் உட்காரவைக்கும் கலையில் இரண்டு தொழிலும் பங்காளிகள் என்பது விளங்கிவிட்டது.

இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்துப் பணம் எடுக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்தது. பெங்களூரின் எம்.பி.எல். நிறுவனம் அத்தகைய ஆட்டங்களை நிறுத்தியது. தேடும் ஆட்டங்களில் ஆடுபவருக்குப் பணம் வருவதில்லை, போக மட்டுமே செய்யும் என்பதால் அந்தத் தடை இவற்றைத் தொடுவதில்லை. சட்டம் காக்காத இடத்தில் ஆடுபவர்தான் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். போனில் பணம் கட்டுவதற்கு ரகசிய எண் கேட்கும்படி வைப்பது ஒன்று. ஒருமுறை விலைக்கு வாங்கும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. சக்தி தீர்ந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பது மூன்றாவது. கடைசிதான் மிகக் கஷ்டம்.

நாள் முழுக்க மற்றவர்கள் தொலைத்த சாக்ஸையும் சாவியையும் தேடிக்கொடுப்பவர், இரவில் தனக்காக ஒரு சாவியைத் தேடுவதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. அந்தச் சாவிக்கும் வாடகை வசூலிப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். அதன் பெயரைத் தமிழில் எழுதத் தோன்றாத தொழிலையும் கூடவே கேட்கலாம்.