பத்தாம் இடத்தில் மூன்றெழுத்து

பழைய கணினி வாங்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னால், "எதற்கு?" என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். முதல் கேள்வி, "எங்கே வைப்பது?" நான்கறை வீட்டில் அது நியாயமான கேள்விதான். கணினி, அதன் தலைமேல் ஃபிளாப்பி வட்டுப் பெட்டி, பக்கத்தில் கனமான பச்சைத்திரை. இவ்வளவையும் வைக்க என் மகளின் படிப்பு மேசையில் பாதியை வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. வாடகை, நாளுக்கு அரை மணி நேரம் அவள் விளையாடலாம் என்பது. பேரம் பேசியதில் அம்மாவும் சேர்ந்துகொண்டதால் தப்பிக்க வழியில்லை.

நான் வாங்கியது ஆப்பிள் டூ-ஈ. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் 1,395 டாலர் விலையில் அறிமுகமாகி, 1993 நவம்பர் வரை ஏறக்குறைய 11 ஆண்டுகள் விற்பனையில் இருந்த கணினி. நினைவகம் 64 கிலோபைட். ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியின் ஒரு பக்கத்தில் 140 கிலோபைட் கொள்ளும். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 3 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு படத்துக்கே இருபதுக்கும் மேற்பட்ட ஃபிளாப்பிகள் வேண்டும். அன்றைக்கு ஒரு முழு விளையாட்டையே ஒரு ஃபிளாப்பிக்குள் அடக்கினார்கள்.

இந்தக் கணினிக்கும் சிங்கப்பூருக்கும் உறவு உண்டு. 1981ல் ஆப்பிள் நிறுவனம் ஆங் மோ கியோவில் ஆலை அமைத்து, ஆப்பிள் டூ கணினிக்கான சுற்றுப்பலகைகளைத் தயாரித்தது. அதே ஆண்டில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையால் உலகப்புகழ் பெறுவதற்கு முன்பு, 1984ல் கியூபிக் 99 என்ற கணினியைச் செய்தது. ஆப்பிள் டூ-வுக்கு எழுதிய மென்பொருள் அதில் ஓடும். இவை போக, பெயர் தெரியாத நகல் கணினிகளும் கடைகளில் கிடைத்தன. ஆகவே இன்றும் பழைய வீடுகளின் பண்டக அறையைக் கிளறினால் இந்த வகைக் கணினி ஒன்று கிடைப்பது அதிசயமல்ல.

எனக்கு விற்றவர் தோ பாயோவில் வசிக்கும் சீனப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர். கணினி, வட்டுப் பெட்டி, திரை, ஒரு காலணிப் பெட்டி நிறைய ஃபிளாப்பிகள் எல்லாம் சேர்த்து 380 வெள்ளி. "ஓடுமா, அங்கிள்?" என்று கேட்டேன். "நான் நிறுத்தியபோது ஓடியது" என்றார். எப்போது நிறுத்தினீர்கள் என்றதற்கு, "என் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன வருடம்" என்றார். பழைய பொருள் வாங்கும்போது இதைவிட நேர்மையான பதில் கிடைக்காது.

நீங்களும் வாங்குவதாக இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த உடனே மின்சாரத்தில் செருகிவிடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கணினி என்றால் அது 110 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட் அதைப் பதம் பார்த்துவிடும். இங்கே விற்ற கணினியாக இருந்தாலும், மின்வழங்கிக்குள் காகிதத்தாலான பழைய கெப்பாசிட்டர்கள் இருக்கலாம். காலப்போக்கில் அதன் மேலுறை வெடிப்பு விட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஒருநாள் 'டப்' என்ற சத்தத்துடன் வீடு முழுக்கப் புகை. மாற்றுவதற்குப் பொருள் செலவு அதிகமில்லை. ஆனால் வீட்டு மின்சாரம் நேரடியாகப் பாயும் இடம் என்பதால், தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

அடுத்தது ஃபிளாப்பி. உறையின் நீள்வட்டத் துளை வழியே பழுப்பு நிற வட்டு தெரியும். விளக்கு வெளிச்சத்தில் மெல்லச் சுற்றிப் பாருங்கள். பஞ்சு போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த வட்டைக் கணினியில் போட்டால், பூஞ்சை வட்டுப் பெட்டியின் தலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல வட்டையும் கீறிவிடும். என் காலணிப் பெட்டியில் இருந்தவை 34. அவற்றில் 9 வட்டுகளை முதல் பார்வையிலேயே ஒதுக்கிவைத்தேன்.

எல்லாம் சரிபார்த்து விசையைத் தட்டியதும் முதலில் வருவது சத்தம்தான். 'டர்ர்ர்ர்' என்று மரத்தை ராவுவது போல. பக்கத்து அறையிலிருந்து மனைவி ஓடி வந்தார். உடையவில்லை, அது அப்படித்தான் என்று விளக்க வேண்டியிருந்தது. 1978ல் இந்த வட்டுப் பெட்டியை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் மிகச் சிக்கனமானவர். வட்டைப் படிக்கும் தலை எங்கே நிற்கிறது என்று கண்டறியும் உணர்கருவியை அவர் வைக்கவில்லை. அதனால் கணினி அந்தத் தலையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். இனி நகர இடமில்லை என்று அது முட்டி முட்டி நிற்கும் சத்தம்தான் நாம் கேட்பது. முட்டிய இடம்தான் தொடக்கம். அங்கிருந்து கணக்குப் போட்டு மற்ற இடங்களுக்குப் போகும்.

மீதி 25 வட்டுகளில் 17 ஓடின. அவற்றில் ஒன்று கராத்தேகா. ஜோர்டன் மெக்னர் என்பவர் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது உருவாக்கி, 1984ல் வெளிவந்த சண்டை விளையாட்டு. அதன் அசல் வட்டில் ஒரு குறும்பு உண்டு. வட்டைத் திருப்பிப் போட்டால், விளையாட்டு முழுவதும் தலைகீழாகத் தெரியும். பெரியவர் வைத்திருந்தது கடையில் நகலெடுத்தது என்பதால் அந்த வேடிக்கை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மகளுக்குப் பிடித்தது லோட் ரன்னர். டக்ளஸ் ஸ்மித் எழுதி 1983ல் வந்தது. ஏணியில் ஏறி, கயிற்றில் தொங்கி, துரத்தி வருபவர்களைப் பள்ளம் தோண்டி விழவைத்து, தங்கத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு மேலே தப்ப வேண்டும். மொத்தம் 150 கட்டங்கள். போதாதென்று சொந்தமாகக் கட்டம் அமைத்துக்கொள்ளும் வசதியும் அதிலேயே இருக்கிறது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் பிள்ளைக்கு, நாற்பது ஆண்டு பழைய பச்சைத்திரை அலுத்துவிடும் என்று எண்ணியிருந்தேன். வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு அரை மணிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

லோட் ரன்னரில் அதிகப் புள்ளி எடுத்த பத்துப் பேரின் பட்டியல் உண்டு. பெயருக்கு மூன்றெழுத்துதான் இடம். பட்டியல் அந்த வட்டிலேயே பதிவாகி, மின்சாரம் போனாலும் அப்படியே இருக்கும். எங்கள் வட்டில் பத்து இடங்களும் நிரம்பியிருந்தன. முதல் ஏழு இடங்களில் ஒரே மூன்றெழுத்து. எட்டிலும் ஒன்பதிலும் இன்னொன்று. பத்தாம் இடத்தில் மட்டும் வேறொன்று. அதுவும் மிகக் குறைந்த புள்ளி.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் மகள் அந்தப் பத்தாம் புள்ளியை நெருங்கிவிட்டாள். மகிழ்ச்சியில் குதிப்பாள் என்று பார்த்தால், கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, நான் ஜெயிச்சா அவங்க பேரு அழிஞ்சிடுமா?"

அழிந்துவிடும். புதிய பெயர் ஏறினால் கடைசிப் பெயர் பட்டியலை விட்டு விழும். அதுதான் விதி. வேண்டுமென்றே ஆளை விழவைத்து அன்றைய ஆட்டத்தை முடித்துக்கொண்டாள்.

அன்றிரவு வட்டின் ஓரத்தில் உள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடினேன். அப்படி மூடினால் கணினியால் அதில் எதையும் எழுத முடியாது. பிறகு ஏடிடி ப்ரோ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு வட்டை நகலெடுத்தேன். ஆப்பிள் டூ-ஈயின் பின்பக்கத்தில், ஒலிநாடாப் பெட்டிக்காக வைத்த துளைகள் இன்னும் இருக்கின்றன. அதில் சாதாரண ஒலிக்கம்பியைச் செருகி மறுமுனையை மடிக்கணினியில் இணைத்தால், வட்டில் உள்ளதெல்லாம் இரைச்சலாக மாறி இந்தப் பக்கம் வந்து சேரும். இப்போது மகள் விளையாடுவது நகலில். அதில் அவள் ஆறாம் இடத்தில் இருக்கிறாள். அசல் வட்டு உறைக்குள் இருக்கிறது.

பட்டியலைப் படமெடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன். வெகுநேரம் பதிலில்லை. பிறகு ஒரு குரல்பதிவு. முதல் ஏழும் மகன், அடுத்த இரண்டும் மகள் என்றார். "பத்தாவது என் மனைவி. ஒரே ஒருநாள் விளையாடினாள். பிள்ளைகள் அழிக்க விடவில்லை." அவர் மனைவி இப்போது இல்லை என்பதை, கணினி வாங்கிய அன்றே அந்த வீட்டுச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து அறிந்திருந்தேன்.

இதில் நான் யோசித்தது ஒன்றுதான். லோட் ரன்னர் அழியாது. உலகம் முழுக்க அதற்கு நகல் உண்டு. இணைய ஆவணக் காப்பகத்தில் ஆப்பிள் டூ விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, உலாவியிலேயே ஆடலாம். இத்தனைக்கும் நிறுவனங்கள் தங்கள் வட்டுகளை எளிதில் நகலெடுக்க முடியாதபடி பூட்டித்தான் விற்றன. அந்தப் பூட்டை உடைத்தவர்கள் அன்று செய்தது உழைத்தவர்களுக்கு அநியாயம்தான். ஆனால் பல விளையாட்டுகள் இன்று மிஞ்சியிருப்பது அவர்கள் பரப்பிய நகல்களால்தான். எத்தனையோ கைகளுக்குப் போனதால் அவை பிழைத்தன.

ஒரே கையில் இருந்தது அப்படிப் பிழைக்காது. கராத்தேகாவுக்குப் பிறகு மெக்னர் 1989ல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை வெளியிட்டார். தம்பி ஓடுவதையும் தாவுவதையும் காணொளியாக எடுத்து, அந்த அசைவுகளையே இளவரசனுக்குக் கொடுத்தார். இசை அவருடைய தந்தை. விளையாட்டு உலகெங்கும் ஓடியது. ஆனால் அவர் கைப்பட எழுதிய மூலநிரல் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியாமல் இருந்தது. 2012ல் தந்தை வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பெட்டியைக் கண்டெடுத்து அனுப்பினார். உள்ளே அந்த ஃபிளாப்பிகள். பழைய ஆப்பிள் கணினிகளில் தேர்ந்தவர்கள் வந்து உட்கார்ந்து, வட்டு வட்டாகப் படித்து மீட்டார்கள். காந்தப் பூச்சு இன்னும் விசுவாசமாக இருந்தது அவர் அதிர்ஷ்டம்.

நம் வீடுகளில் உள்ளவற்றுக்கு உலகத்தில் வேறு நகல் கிடையாது. தொண்ணூறுகளில் கணினி வைத்திருந்த தமிழ் வீடுகளில், மூன்றரை அங்குல ஃபிளாப்பிகள் ஒரு பெட்டியாவது இருக்கும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985லேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டதால், இந்தப் பக்கத்தில் தமிழில் தட்டச்சு செய்தவர்களும் குறைவில்லை. சமூக மன்ற நாடகத்தின் வசனம், கோயில் திருவிழா மலர், அக்காவின் திருமண அழைப்பிதழ், தாத்தா சொல்லச் சொல்ல யாரோ தட்டச்சு செய்துவைத்த குடும்பக் கதை என்று எதுவும் அதில் இருக்கலாம். அச்சுப் பிரதி எங்கோ தொலைந்திருக்கும். வட்டு மட்டும் பூஞ்சைக்காகக் காத்திருக்கும்.

மூன்றரை அங்குல வட்டுக்குப் பழைய கணினி வாங்க வேண்டியதில்லை. யுஎஸ்பியில் செருகும் ஃபிளாப்பிப் பெட்டி இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. முதலில் வட்டின் மூலையில் உள்ள சிறு தாழை நகர்த்தி, துளை திறந்திருக்கும்படி வையுங்கள், தவறிக்கூட அழியாது. கோப்பைத் திறந்ததும் தமிழுக்குப் பதிலாகக் கிறுக்கலான ஆங்கில எழுத்தும் குறிகளும் வந்தால், கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். யூனிகோட் பரவுவதற்கு முன் திஸ்கி, பாமினி என்று பல முறைகளில் தமிழைத் தட்டச்சு செய்தார்கள். அவற்றை மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன.

எடுத்ததை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அண்ணனுக்கு ஒன்று, அத்தை மகளுக்கு ஒன்று என்று குடும்பக் குழுவில் அனுப்பிவிடுங்கள். அதோடு, வட்டின் மேல் ஒட்டியுள்ள தாளையும் ஒரு படம் எடுங்கள். யார் கையெழுத்து என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, பெயரை எழுதி வைத்துவிடுங்கள்.