ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் போகிறீர்களா? விலைச் சீட்டை அப்புறம் பாருங்கள்!

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. ஆய்வு வேலையோ, பத்திரிகை வேலையோ, தொண்டு நிறுவன வேலையோ... எதுவானாலும் நாலு பேரைச் சந்தித்துப் பேட்டி எடுக்க வேண்டும். அதற்குக் கையடக்கமாக ஓர் ஒலிப்பதிவுக் கருவி வேண்டும். உடனே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "எது விலை கம்மி?"

கேள்வியில் தப்பில்லை. கணக்குப் போடும் இடம்தான் தப்பு.

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் வழியில் இருக்கும் மல்லாங்கிணறு பேச்சையும் எழுத்தையும் அறிந்த ஊர். எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் பிறந்த ஊர் அது. 2018-ல் அவருக்குச் சாகித்ய அகாதமி விருது வாங்கித் தந்த 'சஞ்சாரம்' நாவல், கரிசல் மண்ணின் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று வேலைக்குப் போகிறார்கள். அங்கே இருக்கும் தமிழ்த் தொழிலாளி மனம்விட்டுப் பேசுவது, தன் ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவரிடம்தான். "அங்கிட்டு", "இங்கிட்டு" என்று அவர் பேசினால் அது மொழிபெயர்ப்பாளர் இல்லாமலேயே புரியும். அப்படி ஒரு வாய்ப்பு இருப்பவர்கள் கருவியில் கோட்டை விடலாமா?

சரி, கணக்குக்கு வரலாம். விருதுநகர் வத்தல் வியாபாரியைக் கேட்டால் சொல்வார்: வாங்கிய விலை வேறு, அடக்க விலை வேறு. வண்டிக் கூலி, சாக்கு, கழிவு எல்லாம் சேர்ந்தால்தான் அடக்க விலை. பேட்டிக்கும் அப்படித்தான்.

ஒரு மாணவர் 30 பேட்டி எடுக்கிறார், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 45 மணி நேரப் பேச்சு. அதைக் கேட்டு வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். தெளிவான பதிவாக இருந்தால் ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்து மணி நேரம் ஆகிறது என்று வைத்தால் 225 மணி நேரம். மின்விசிறியும் மோட்டார் சத்தமும் கலந்த பதிவு என்றால் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்க வேண்டும். அதற்கு ஏழு மணி நேரம் வைத்தால் 315. வித்தியாசம் 90 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு வெறும் 100 ரூபாய் கூலி போட்டாலும் 9,000 ரூபாய். கருவி வாங்கும்போது 5,000 ரூபாய் மிச்சம் பிடித்தவர், எழுதும்போது 9,000 ரூபாயைத் தொலைக்கிறார். இது மிச்சமா, நஷ்டமா?

இப்போதுதான் கணினியே எழுதித் தந்துவிடுகிறதே என்று கேட்கலாம். தரும். ஆனால் கரிசல் வட்டாரப் பேச்சை, அதுவும் இரைச்சலுக்கு நடுவே வரும் பேச்சைக் கொடுத்தால், அது எழுதியதைத் திருத்துவதற்குப் புதிதாகவே எழுதிவிடலாம்! தெளிவான பதிவு இருந்தால்தான் கணினியும் உதவும்.

வெளிநாட்டுக்குப் போய்ப் பதிவு செய்வது புதிய சமாச்சாரம் இல்லை. நம் ஊரே ஒரு காலத்தில் மற்றவர்களுக்கு வெளிநாடு! 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கத்தில் ஓலப்பாளையம் என்ற கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். அங்கே ஓர் உடுக்கையடிக் கலைஞர் அண்ணன்மார் கதையை 18 இரவுகள் பாட, அதை நாடாச் சுருளில் பதிவு செய்தார். நாடா தீரும், மாற்ற வேண்டும். மாற்றும் நேரத்தில் கதை நிற்காது. இன்றைக்கு இருப்பது மாதிரி விரல் நகம் அளவு அட்டையில் முப்பது மணி நேரம் அடங்கும் வசதி அப்போது கிடையாது.

அந்தப் பதிவிலிருந்து என்னவெல்லாம் வந்தது? 1982-ல் 'தி த்ரீ ட்வின்ஸ்' என்ற ஆய்வு நூல், 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் வெளியிட்ட கதை நூல், பிறகு 26 பகுதி அசைபடத் தொடர். குறிப்பேட்டில் மட்டும் எழுதி வைத்திருந்தால் கதை கிடைத்திருக்கும். உடுக்கை கிடைத்திருக்காது. கலைஞர் எந்த இடத்தில் குரலை இறக்கினார், எங்கே மூச்சு வாங்கினார் என்பது கிடைத்திருக்காது.

கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். பெரிய காரியம். ஆனால் ஒரு சொல்லை அகராதியில் சேர்த்துவிடலாம், அந்தச் சொல்லை ஒரு கிழவி இழுத்துச் சொல்லும் தோரணையை எந்த அகராதியில் சேர்ப்பது?

ஆகவே கருவி தேவை. எந்தக் கருவி? கடைக்காரர் காட்டும் பட்டியலில் நாற்பது அம்சங்கள் இருக்கும். பேட்டிக்குப் போகிறவர் பார்க்க வேண்டியவை நாலே நாலுதான்.

ஒன்று, வெளி மைக் சொருகும் துளை. விலை உயர்ந்த கருவியை மூன்றடி தள்ளி மேஜையில் வைப்பதைவிட, சில நூறு ரூபாய் மைக்கைச் சட்டையில் மாட்டுவது மேல். காரணம் எளிது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். மின்விசிறி இருந்த இடத்திலேயே இருப்பதால் அதன் சத்தம் கூடாது. சிவகாசிப் பக்கம் தகரக் கூரை வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசச் சொன்னால் பத்து நிமிடத்தில் பேட்டி கொடுப்பவர் எழுந்து போய்விடுவார். சத்தத்தை நிறுத்த முடியாத இடத்தில் மைக்கைக் கிட்டே கொண்டுபோவதுதான் வழி.

இரண்டு, பேட்டரி. பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண செல்லில் ஓடும் கருவியே நல்லது. டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் (2019) இரண்டு ஏஏ செல்லில் ஓடும். ஜூம் ஹெச்1எசென்ஷியல் (2024) இரண்டு ஏஏஏ செல்லில் ஓடும். இரண்டிலும் வெளி மைக் சொருகலாம். உள்ளேயே பேட்டரி வைத்து மூடிய கருவி பாதிப் பேட்டியில் நின்றால், "கொஞ்சம் இருங்க, சார்ஜ் போட்டுட்டு வர்றேன்" என்று யாரிடம் சொல்வது? அழுதுகொண்டிருக்கும் ஒருவரிடமா?

மூன்று, கோப்பு. கருவி வேவ் வடிவில் பதிய வேண்டும், அந்தக் கோப்பை எந்தக் கணினியிலும் இழுத்துப் போட முடிய வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். 1992-ல் சோனி கொண்டுவந்த மினிடிஸ்க்கை ஒரு காலத்தில் பேட்டி எடுப்பவர்கள் கொண்டாடினார்கள். ஒலி அவ்வளவு சுத்தம். ஆனால் மைக்கில் பதிந்ததை யூஎஸ்பி வழியே அப்படியே கணினிக்குள் ஏற்ற, பெரும்பாலான பழைய கருவிகளில் வழியே கிடையாது. பதிந்தது ஒன்றரை மணி நேரம் என்றால் ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டுத்தான் நகல் எடுக்க வேண்டும். சில குரல் பதிவுக் கருவிகள் தங்கள் நிறுவனத்துக்கே உரிய வடிவில் பதிந்தன. அந்த நிறுவன மென்பொருள் போனால் குரலும் பூட்டிய பெட்டிக்குள்தான்.

இடம் போதுமா என்ற பயம் வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்ற நல்ல தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. மேலே சொன்ன 45 மணி நேரமும் 64 ஜிபி அட்டை ஒன்றில் அடங்கும். பேட்டிக்கு ஸ்டீரியோ தேவையில்லை, மோனோ போதும் என்றால் அதிலும் பாதி. எம்பி3-ல் சுருக்கி மிச்சம் பிடிப்பது, அரிசியை மிச்சம் பிடிக்க உலையில் தண்ணீரைக் கூட்டுவது மாதிரி.

நான்கு, பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு. இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. பேனா வடிவம், சாவிக்கொத்து வடிவம் என்று மறைத்துப் பதியும் கருவிகள் சல்லிசாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கவே கூடாது. தன் குரல் பதிவாகிறது என்பது பேசுகிறவருக்குக் கண் எதிரே தெரிய வேண்டும். அது மரியாதை. சில நாடுகளில் அது சட்டமும் கூட. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் பிறர் பேச்சைப் பதிவு செய்வது சிறைத் தண்டனை வரை போகக் கூடிய குற்றம். துபாயில் வேலை பார்த்துக்கொண்டே ஊர்க்காரர்களைப் பேட்டி எடுக்க நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது கருவியின் கையேட்டை அல்ல, அந்த நாட்டுச் சட்டத்தை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டால் பேட்டி எடுத்தவர் ஊர் திரும்பலாம். பேட்டி கொடுத்த தொழிலாளிக்கு வேலை போகும், கடன் மட்டும் நிற்கும். அதனால் பதிவில் அவர் பெயரையோ முகாமின் பெயரையோ சொல்லவைக்கக் கூடாது. பதிவுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டு, எண்ணுக்கு உரிய பெயரைத் தனிக் குறிப்பேட்டில் வேறு இடத்தில் வைக்க வேண்டும். அட்டையிலிருந்து நகல் எடுத்த பிறகு அட்டையைக் காலி செய்துவிட வேண்டும்.

"இதெல்லாம் எதற்கு, கையில் செல்போன் இருக்கிறதே!" இது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். இன்றைய செல்போன்கள் நன்றாகவே பதிகின்றன. பணமே இல்லாதவர் செல்போனில் எடுக்கட்டும், எடுக்காமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் விமானப் பயன்முறைக்கு மாற்ற மறந்தால் நடுவில் அழைப்பு வரும். பேட்டரி வேறு எதற்கோ தீர்ந்திருக்கும். தொலைந்தால் முப்பது பேருடைய ரகசியமும் குடும்பப் புகைப்படங்களோடு சேர்ந்து தொலையும். செல்போன் இரண்டாவது பதிவுக்கு இருக்கட்டும். முதல் பதிவுக்கு அந்த ஒரு வேலையை மட்டும் செய்யும் கருவி வேண்டும்.

சிவகாசிப் பக்கம் பேட்டி எடுக்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும். பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டி, செல்போன் எதுவும் கொண்டுபோகக் கூடாது. பேட்டரியில் ஓடும் எந்தப் பெட்டியையும் அங்கே நீட்ட நினைப்பது மடத்தனம். ஆகவே பேச்சு வீட்டுத் திண்ணையிலோ, டீக்கடையிலோ, பஸ் ஸ்டாண்டிலோதான் நடக்கும். எல்லாமே சத்தமான இடங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது உலகமெங்கும் செய்தி வந்தது. செய்திகளில் எண்ணிக்கை நிற்கிறது. அன்று காலை என்ன மருந்து கலந்தார்கள், எந்தப் பக்கம் ஓடினார்கள், யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதைச் சொல்ல முடிந்தவர்களின் குரல் எத்தனை பேரிடம் இருக்கும்? அடுத்த விபத்தைத் தடுக்கப் பயன்படுவது எண்ணிக்கை மட்டுமல்ல, அந்தக் குரல்களும்தான்.

குரலைப் பத்திரப்படுத்த நினைத்தால் முடியும். சிங்கப்பூரில் 1979-ல் வாய்மொழி வரலாற்றுக்கென்றே அரசு ஒரு பிரிவைத் தொடங்கியது. அங்கே தமிழிலும் பேட்டிகள் பதிவாகி இருக்கின்றன. பேசியவர்கள் பலர் போய்விட்டாலும் பேச்சு இருக்கிறது.

பத்திரப்படுத்தினால் போதுமா? பேசியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சு இசை ஆய்வாளர் 1938-ல் தென்னிந்தியாவில் பாடல்களைப் பதிவு செய்தார். 1984-ல் நசீர் ஜைராஸ்போய், ஏமி கேட்லின் இருவரும் அந்தப் பதிவுகளின் நகலோடு அதே இடங்களைத் தேடிப் போனார்கள். நடுவில் 46 வருடம்! வெளிநாட்டவர் இங்கே எடுத்த பதிவுகளின் நகல் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்றுதான் 1982-ல் இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் இங்கே ஓர் இசை ஆவணக் காப்பகத்தையே தொடங்கியது.

இன்றைக்கு 46 வருடம் தேவையில்லை. பேட்டி முடிந்த அன்று மாலையே நகலை அந்த வீட்டில் யாருடைய செல்போனிலாவது ஏற்றிக் கொடுத்துவிடலாம். பேசியவருக்கு அதனால் ஆபத்து வராது என்றால், அவர் கேட்டால், கொடுத்தே ஆக வேண்டும். கோப்பு எங்கும் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்று சொன்னதற்கு முக்கியமான காரணமே இதுதான்.

மொத்தத்தில், கையில் 12,000 ரூபாய் இருந்தால் முழுவதையும் கருவியிலேயே கொட்ட வேண்டியதில்லை. நடுத்தரக் கருவி ஒன்று, சட்டையில் மாட்டும் மைக் ஒன்று, அட்டை இரண்டு, ஒரு டஜன் செல், காதில் மாட்டிக் கேட்டுப் பார்க்க ஒரு ஹெட்போன். கிளம்புவதற்கு முன்பு வீட்டுத் தாத்தாவையோ பாட்டியையோ உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசவிட்டுப் பதிந்து பழக வேண்டும். கருவியும் கைக்குப் பழகும், அந்தக் குரலும் மிஞ்சும்.

கருவியை அடுத்த வருடம் இதைவிட மலிவாக வாங்கலாம். பாட்டியின் குரல் அடுத்த வருடம் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்?