கூர்மையின் எல்லை

ஒட்டன்சத்திரத்திலிருந்து எடுத்த பழனி மலைத்தொடரின் படங்கள் பலவற்றில் ஒரு வெண்கோட்டைக் காண்கிறேன். முகட்டை ஒட்டி, வானத்தின் பக்கமாக, சுண்ணாம்பு தீற்றியதுபோல. மலையில் அப்படியொரு கோடு இல்லை; வரைந்தது மென்பொருள்.

போட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் உள்ள 'அன்ஷார்ப் மாஸ்க்' கணினிக்கு முந்தைய இருட்டறை உத்திதான். மூலப்படத்திலிருந்து அதன் மங்கலான நகலைக் கழித்து, கிடைக்கும் வேறுபாட்டை மூலத்தோடு கூட்டுவது. விளிம்பின் இருண்ட பக்கம் மேலும் இருள்கிறது. ஒளிர்ந்த பக்கம் மேலும் ஒளிர்கிறது. கண் அதைத் தெளிவென்று நம்பிவிடுகிறது. படத்தில் பதியாத எதையும் அது மீட்டுத் தருவதில்லை. சந்தையில் அடுக்கிய முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு அளவோடு பொருந்தும். மார்கழிப் பனிமூட்டத்துக்குப் பொருந்தாது. அங்கே விளிம்பே இல்லை, இரைச்சல் புள்ளிகள்தான் கிளறப்படும்.

இதுவரை, ரசனைப் பிழை. இறந்தவரின் ஒரே புகைப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுப்பது வேறு. வேற்று முகங்கள் எத்தனையோ பார்த்துக் கற்றதைக் கொண்டு, அழிந்துபோன கண்ணின் இடத்தில் அது ஒரு கண்ணை ஊகித்து வைக்கிறது. (பெரும்பாலும் அழகான கண்ணாகவே இருக்கும், அதுதான் சிக்கல்.) மாலையிட்டுச் சுவரில் மாட்டிய அந்த முகத்தைத்தான் பேரப்பிள்ளைகள் பாட்டி என்று அறிவார்கள். மாட்டுவது உங்கள் விருப்பம். பழைய அட்டையை மட்டும் உள்ளபடியே ஸ்கேன் செய்து, தனிக்கோப்பாகப் பெயரிட்டு வைத்த பிறகு செயலியைத் திறவுங்கள்.