ஊளையிடும் கார்: கழற்றும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஓசூர் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது ஹெப்பகோடி. 2025 ஆகஸ்டில் இங்கே மெட்ரோ ரயில் வந்துவிட்டது. ஆனாலும் நள்ளிரவு ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றி இறக்கக் கார்கள்தான் வேண்டியிருக்கின்றன. அத்திப்பள்ளி எல்லைக்கு அப்பால் ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பிழைக்க வந்த டிரைவர்கள் இந்தப் பகுதியில் உண்டு. அவர்கள் ஷெட்டுக்குக் கொண்டுவரும் புகார்களில் மெக்கானிக்கைக் கிறுகிறுக்க வைப்பது ஒன்று: "அண்ணே, ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஊய்ங்னு கத்துது."

அவசரக்கார மெக்கானிக்கின் தீர்ப்பு தயாராக இருக்கும்: "கியர் பாக்ஸ் போச்சு." கியர் பாக்ஸை இறக்கி ஏற்றினால் ஒரு நாள் வருமானம் போகும். மாதத் தவணைக்கு அந்த இரக்கம் கிடையாது. பிறகு பார்த்தால், ஊளையிட்டது சில நூறு ரூபாய் பெல்ட்டாக இருக்கும். இதற்கு நேர்மாறாக, 'பெல்ட்தானே' என்று அலட்சியமாக விட்ட சத்தம் சக்கர பேரிங்குடையதாக இருந்தால், இழப்பு பணத்தோடு நிற்காது.

காரில் சுழலும் பொருள்கள் இரண்டு வகை. சில என்ஜினின் வேகத்தில் சுழல்கின்றன. சில சக்கரத்தின் வேகத்தில். ஊளை எதைப் பின்பற்றி ஏறி இறங்குகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: வண்டி நிற்கும்போது கேட்கிறதா? நியூட்ரலில் வைத்து ரேஸ் செய்தால் ஊளை கேட்குமானால், சந்தேகம் முதலில் என்ஜின் பக்கம்தான். ஏ.சி.யையும் ஹெட்லைட்டையும் போட்டவுடன் சத்தம் கூடினால் பெல்ட்டையோ ஆல்டர்னேட்டரையோ கவனிக்க வேண்டும். பெல்ட்டின் உள்பக்க வரிகளில் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது பழைய உத்தி. சத்தம் சற்று அடங்கித் திரும்பினால் கப்பிகள் நேர்கோட்டில் இல்லை. அதிகமானால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினை ஓட்டும்போது ஊளை நின்றுவிட்டால், அது சுற்றும் கப்பிகளை, என்ஜினை நிறுத்திய பிறகு, கையால் சுழற்றிப் பார்க்கலாம். நறநறக்கும் கப்பியில் பேரிங் தேய்ந்திருக்கும். பல கார்களில் தண்ணீர் பம்பும் இதே பெல்ட்டில் ஓடுவதால் இந்தச் சோதனை சில விநாடிகளைத் தாண்டக் கூடாது.

பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் வண்டிகளில் ஸ்டீயரிங்கைக் கோடி வரை திருப்பும்போது முனகல் உயர்ந்தால் ஆயில் குறைந்திருக்கலாம். நியூட்ரலில் கேட்கும் சத்தம் கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மிதித்தால்தான் கேட்கிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

இரண்டாவது கேள்வி: ஓடும்போது மட்டும்தானா? இதற்குச் சிக்னல் இல்லாத, வண்டிகள் குறைந்த சாலை வேண்டும். சில்க் போர்டு பக்கமிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை 2010இல் திறக்கப்பட்ட மேம்பாலச் சாலை, கூட்டமில்லாத நேரத்தில் இதற்குத் தோதானது. சீரான வேகத்தில் போகும்போது நொடிப் பொழுது நியூட்ரலுக்கு மாற்றலாம். என்ஜினை மட்டும் அணைக்கக் கூடாது. என்ஜின் அடங்கியும் ஊளை அடங்கவில்லை என்றால் அது சக்கர பேரிங் அல்லது டயர். தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். வலப்பக்கம் வளையும்போது கூடினால் பெரும்பாலும் இடப்பக்க பேரிங், ஏனென்றால் பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் விஷயம் உறுதியாகும்.

மூன்றாவது கேள்வி: ஆக்ஸிலேட்டரை விட்டதும் சுருதி மாறுகிறதா? மிதிக்கும்போது கியரின் பற்கள் ஒரு பக்கம் அழுந்துகின்றன. விடும்போது மறு பக்கம். எனவே மிதித்தால் ஒரு சத்தம், விட்டால் வேறு சத்தம் என்றால் பற்களையும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால் அந்த ஜோடிப் பற்கள். எல்லா கியரிலும் என்றால் பேரிங் அல்லது டிஃபரன்ஷியல். அம்பாசடர் ஓட்டியவர்களுக்குப் பின் அச்சிலிருந்து வரும் 'கிரவுன் பினியன்' ஊளை பழக்கமானது.

இங்கும் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது கியர் ஆயிலின் அளவைப் பார்ப்பது. டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஆயில் சீல் கசிந்தால், சொட்டுச் சொட்டாக ஆயில் வடிந்து பெட்டி காய்ந்துவிடும். ஒரு சின்ன சீலுக்குச் சோம்பியவர் முழு கியர் பாக்ஸுக்குச் செலவழிப்பார். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெங்களூரின் அடித்தளக் கார் நிறுத்தங்களில் வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கிய காரை வாங்குபவர் எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், கியர் ஆயிலையும் சக்கர பேரிங்குகளையும் பார்த்தாக வேண்டும்.

எல்லா ஊளையும் நோய் அல்ல. ரிவர்ஸ் கியரின் பற்கள் பல கார்களில் நேராக வெட்டப்பட்டவை; அதனால் பின்னால் போகும்போது கத்துவது அதன் சுபாவம். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் முறைக்கு மேலும் சுழலக்கூடியது; மெல்லிய விசில் இயல்பே. விசில் திடீரென்று பெருத்து, இழுவை குறைந்து, கரும்புகையும் வந்தால்தான் காற்றுக் குழாயில் கசிவைத் தேட வேண்டும். மின்சாரக் காரில் மோட்டாரின் ரீங்காரம் கூடவே பிறந்தது. அதிலும் பழகிய சத்தம் மாறினால் மட்டுமே கவலை.

ஆகவே ஷெட்டுக்குப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வது நல்லது: எந்த வேகத்தில், எந்த கியரில், மிதிக்கும்போதா விடும்போதா, நேராகப் போகையிலா வளைகையிலா. பேரிங்கில் சந்தேகம் இருந்தால் அன்றைக்கே போய்விட வேண்டும்; இற்றுப்போன பேரிங் சக்கரத்தை ஆட்டத் தொடங்கிய பிறகு நெடுஞ்சாலை அவகாசம் தராது. மற்றபடி சீட்டைக் காட்டிய பிறகும் எதையும் கேட்காமல் ஸ்பானரை எடுக்கும் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுக்காமல் இருப்பது லாபம்.