வீட்டுக்குப் பணம் உண்டு, மனை எங்கே?

"எல்லோருக்கும் வீடு!" என்று 2015 ஜூன் மாதம் மத்திய சர்க்கார் முழங்கிற்று. 2022-க்குள் வீடற்ற குடும்பமே நாட்டில் இராது என்றார்கள். 2022 வந்தது, போயிற்று. கெடு தள்ளிப் போடப்பட்டது. 2024 ஆகஸ்டில் நகரங்களுக்கு மேலும் ஒரு கோடி வீடு, கிராமங்களுக்கு மேலும் இரண்டு கோடி வீடு என்று புதிய இலக்கு வைத்தார்கள்.

வீடே கட்டப்படவில்லை என்று நாம் சொல்லவில்லை. லட்சக்கணக்கில் கட்டப்பட்டிருக்கின்றன. ஓலைக் கூரை போய்த் தளம் வந்த குடும்பங்கள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன. அதில் நமக்கு மகிழ்ச்சிதான். நம் கேள்வி வேறு. ஏழைக்கென்று போட்ட திட்டத்தில், ஏழையிலும் ஏழை ஏன் வாசலிலேயே நிற்கிறான்? வாசலில் மூன்று பூட்டுகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பூட்டு: பட்டா

கிராமத்து வீட்டுக்கு மத்தியத் திட்டம் சமவெளியில் தரும் தொகை 1,20,000 ரூபாய். இதில் நூற்றுக்கு 60 மத்திய சர்க்கார் பங்கு, 40 மாநில சர்க்கார் பங்கு. இந்தத் தொகை 2016-ல் நிர்ணயமானது. 2024-ல் திட்டத்தை நீட்டித்தபோதும் அதே தொகைதான்! செங்கல், கம்பி, சிமெண்ட், கொத்தனார் கூலி, இவற்றில் எது எட்டு வருஷம் ஏறாமல் நின்றது? தமிழக சர்க்கார் 2024-ல் கொண்டுவந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் தருகிறார்கள். 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளை மாற்றுவது இலக்கு. தொகை மேல்தான்.

ஆனால் இரண்டுக்கும் முதல் கேள்வி ஒன்றே: "மனை உன் பேரில் இருக்கிறதா?"

விவசாயத் தொழிலாளியின் குடிசை எங்கே இருக்கிறது? வாய்க்கால் கரையில், ரோட்டோரப் புறம்போக்கில், கோயில் மனையில், பண்ணையாரின் தோப்பு ஓரத்தில். பாட்டன் காலத்திலிருந்து குடியிருந்தாலும் கையில் காகிதம் கிடையாது. காகிதம் இல்லை, ஆகவே வீடு இல்லை! நிலமற்றவனுக்கு மாநில சர்க்கார் மனை தேடித் தரவேண்டும் என்று மத்தியத் திட்டத்தின் விதியே சொல்கிறது. விதி புத்தகத்தில் இருக்கிறது; மனு தாலுகா ஆபீசில் இருக்கிறது; குடும்பம் வாய்க்கால் கரையில் இருக்கிறது.

இது தீர்க்க முடியாத பிரச்னையா? இல்லை. கேரளத்தில் 1970 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த நிலச் சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடியிருந்தவர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை உரிமையாக்கிக் கொள்ள வழி செய்தது. தமிழ்நாட்டிலும் 1971-ல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. நிலச்சுவான்தார் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த இடம் சொந்தமாயிற்று. முதலில் மனை, பிறகு வீடு. வரிசை இதுதான். வரிசையை மாற்றினால் பணம் மனை உள்ளவனிடமே போய்ச் சேரும்.

இரண்டாவது பூட்டு: பாங்கி

நகரத்துத் தொழிலாளிக்கு வட்டி மானியம் என்கிறார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய புதிய நகர்ப்புறத் திட்டத்தில், 35 லட்சம் வரை விலையுள்ள வீடு, 25 லட்சம் வரை கடன், அதில் முதல் 8 லட்சத்துக்கு நூற்றுக்கு 4 வட்டி மானியம். எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து தவணைகளில்.

நல்லது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 3 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பம் சர்க்கார் கணக்கில் மிகப் பின்தங்கிய குடும்பம். மாதத்துக்கு 25,000 ரூபாய். 25 லட்சம் கடனை எட்டரை வட்டிக்கு 20 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 21,700 ரூபாய். மிச்சம் 3,300-ல் அரிசி வாங்குவதா, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவைப் பார்ப்பதா? முழு மானியமும் எட்டு மாதத் தவணைக்குக் காணும். மீதி 232 மாதம்?

பத்து லட்சத்துக்கு வீடு கிடைத்தால் தவணை 8,700 ரூபாய்க்குள் அடங்கும். அந்த விலைக்கு மில்லுக்குப் பக்கத்தில் வீடு விற்பவர் யார்? கிடைத்தாலும், காண்டிராக்டில் நாள்கூலிக்குப் போகும் தொழிலாளியிடம் பாங்கி கேட்கிற சம்பளச் சீட்டு எங்கே? ஆகவே கடன் பெறத் தகுதி உள்ளவனுக்கு மானியம் கிடைக்கிறது. மானியம் வேண்டியவனுக்குக் கடனே கிடைப்பதில்லை.

நகரங்களில் 1.87 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று 2012-ல் மத்திய சர்க்காரின் நிபுணர் குழு கணக்கிட்டது. அதில் நூற்றுக்கு 95-க்கு மேல் கீழ் வருமானக் குடும்பங்களின் பற்றாக்குறை. அதே சமயத்தில், 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி, நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒரு கோடிக்கு மேல்! வீடில்லாத மனிதரும் மனிதரில்லாத வீடும் ஒரே ஊரில். இது செங்கல் பற்றாக்குறையா? விலைக்கும் கூலிக்கும் இடையே உள்ள பள்ளம்.

மூன்றாவது பூட்டு: தூரம்

சென்னைக் கூவம் கரையிலிருந்தும் நகரின் மையத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடிகளில் வைத்தார்கள். சுவர் கெட்டிதான். ஆனால் வேலை பழைய இடத்தில். வீட்டு வேலைக்குப் போகும் தாய் விடியுமுன் பஸ் ஏற வேண்டும். கூலியில் ஒரு பங்கு பஸ்ஸுக்கு, நாளில் ஒரு பங்கு வழிக்கு. வேலையை விட்டுக் கொடுத்து வாங்கும் வீடு அரை வீடு.

சோலாப்பூர் காட்டும் வழி

பூட்டைத் திறக்க முடியுமா? முடியும் என்று மகாராஷ்டிரத்துச் சோலாப்பூர் காட்டியிருக்கிறது. மில்களுக்கும் விசைத்தறிக்கும் பீடிக்கும் பேர்போன ஊர். அங்கே பீடி சுற்றும் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, கூட்டுறவு அமைத்து, நகருக்கு வெளியே கும்பாரியில் 10,000 வீடுகள் பெற்றார்கள். 2006-ல் அவற்றின் சாவியை அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் வழங்கினார். அதோடு நிற்கவில்லை. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் நரசய்யா ஆடம் முன்னின்று நடத்திய இயக்கத்தால் 30,000 வீடுகளுக்குத் திட்டம் வந்தது. 2024 ஜனவரியில் அதில் முதல் 15,000 வீடுகளின் சாவி பீடித் தொழிலாளர், விசைத்தறித் தொழிலாளர், குப்பை பொறுக்குவோர், டிரைவர்கள் கைக்கு வந்தது. வழங்கியவர் பிரதமர் மோடி. பிரதமர்கள் மாறினார்கள், கோரிக்கை மாறவில்லை, சங்கமும் கலையவில்லை.

இங்கும் தொழிலாளிக்கு வீடு இனாமாக வரவில்லை. மத்திய சர்க்கார் 1.50 லட்சம், மாநில சர்க்கார் 1 லட்சம் தந்தன. மீதியைத் தொழிலாளியே கட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் வித்தியாசம் என்ன? தனித்தனியே பாங்கி வாசலில் நின்றிருந்தால் ஒருவருக்கும் கிடைத்திராது. கூட்டமாக நின்றபோது மனை கிடைத்தது, மானியம் கிடைத்தது, கடனும் கிடைத்தது. சலுகை என்ற பெயரில் இருந்ததை உரிமையாக்கியது ஒற்றுமை.

நாம் செய்ய வேண்டியது

மே தினத்தன்றும் ஆகஸ்டு 15 அன்றும் அக்டோபர் 2 அன்றும் குடியரசு தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. வீட்டுப் பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நம் தெருவில் மனை இல்லாத குடும்பம் எத்தனை என்று நாமே கணக்கெடுத்துக் கொண்டுபோவோம். மனைப் பட்டாவைத் தீர்மானமாக எழுதச் சொல்வோம். மில் பகுதிகளில் சங்கங்கள் போனஸ், பஞ்சப்படியோடு மனைக் கோரிக்கையையும் சேர்க்கட்டும்; கூட்டுறவு வீட்டுச் சங்கம் அமைக்கட்டும்; வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் சர்க்கார் நிலம் கேட்கட்டும்.

ஊருக்கெல்லாம் துணி நெய்கிறவனும் நெல் விளைவிக்கிறவனும் மழை வந்தால் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடிக்கிறான். தனியாகக் கேட்டால் மனு; சேர்ந்து கேட்டால் மனை. சேர்ந்து கேட்போம்!