கம்பு கற்பிக்கும் பொறுமை

சிலம்பம் கற்றால் பிள்ளைகள் சண்டைக்காரர்களாகிவிடுவர் என்று மதுரையில் நம் பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் அடிப்படையற்றது. மல்லுக்கட்டி வீழ்த்துபவன் அல்லன், கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என நபிகள் நாயகம் (ஸல்) போதித்தார்கள். அந்த அடக்கத்தையே சிலம்பம் உடலுக்குப் பழக்குகிறது. சினந்து வீசினால் சுவடு பிசகும். சுவடு பிசகினால் கம்பு சுழற்றியவன் மீதே படும். ஆட்டத்தைத் தொடங்கும் மரியாதை வரிசைக்கே ‘சலாம் வரிசை’ என்றுதான் பெயர்.

வலிமையுள்ள நம்பிக்கையாளரே அல்லாஹ்வுக்கு அதிகம் உவப்பானவர் என்பதும் நபிமொழி. அது ஆண்மக்களுக்கு மட்டும் உரியதன்று. தமிழக அரசு வேலைவாய்ப்பின் 3% விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் இடம்பெற்றுள்ளது.

மாலை முழுதும் டியூஷனிலும் கைபேசியிலும் முடக்கிவிட்டு, பிள்ளைகள் சோம்பலும் சினமுமாய் வளர்வதாக நாம் குறைகூறுவது நியாயமா? அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரத்தை மகனுக்கும் மகளுக்கும் ஒதுக்குவோமாக!